தவறுவதில் தவறாத கடிகாரம்: பழைய பாக்கெட் குரோனோமீட்டரோடு பழகத் தொடங்குபவர்களுக்கு

கடலில் நிற்கும் இடத்தைக் கணிக்கக் கொண்டுபோன துல்லியமான பைக்கடிகாரம்தான் பாக்கெட் குரோனோமீட்டர். பழையது ஒன்றைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "மணி சரியாகக் காட்டுமா?" என்றுதான். இந்தக் கேள்வியை மாற்றிக்கொள்வதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை. கடலிலும் பனியிலும் இதை நம்பிப் போனவர்கள், இது சரியான மணியைக் காட்டும் என்று நம்பிப் போகவில்லை. ஒரு நாளைக்கு இது எவ்வளவு பிசகும் என்று அவர்களுக்குத் தெரியும். நாளைக்கும் அதே அளவுதான் பிசகும் என்பதுதான் அவர்களுடைய நம்பிக்கை. தினமும் 12 நொடி முந்துகிற கடிகாரம், நாள் தவறாமல் அதே 12 நொடி முந்தினால் அது முதல் தரம். இன்று 1 நொடி முந்தி, நாளை 4 நொடி பிந்தி, மறுநாள் 3 நொடி முந்துகிற கடிகாரம் பார்வைக்குச் சரியாகத் தெரியலாம், கப்பலுக்கு உதவாது.

இந்த அன்றாடப் பிசகை இந்தத் துறையில் 'ரேட்' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நொடிக்கு ஏன் இத்தனை மதிப்பு? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் 4 நிமிடத்துக்கு 1 பாகை. நீங்கள் நிற்கும் இடத்தின் நண்பகலையும், அதே கணத்தில் கிரீன்விச்சில் என்ன மணி என்பதையும் அறிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் தீர்க்கரேகை. நண்பகலைச் சூரியன் சொல்லிவிடும். கிரீன்விச் மணியைச் சுமந்து செல்லத்தான் கடிகாரம். நிலநடுக்கோட்டில் 1 நொடி பிசகினால் சுமார் 460 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். 4 நொடிக்கு ஒரு கடல் மைல்.

முதலில் பெயர்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

டயலில் 'குரோனோமீட்டர்' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். நான் முதலில் வாங்கிய வெள்ளிக் கடிகாரத்தில் அந்த வார்த்தை அழகான எழுத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து பின்மூடியைத் திறந்த பிறகுதான் உள்ளே இருந்தது பெரும்பாலான சாவிக் கடிகாரங்களில் வரும் சாதாரண லீவர் மிஷின் என்று தெரிந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவே இல்லை. கேட்கத் தெரியாததற்கு அன்று கொடுத்த விலை இன்னும் மனதில் இருக்கிறது.

பழைய ஆங்கிலேய வழக்கில் பாக்கெட் குரோனோமீட்டர் என்றால் உள்ளே 'டிடென்ட்' இருக்க வேண்டும். பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, சரியான கணத்தில் ஒரே ஒரு பல்லை மட்டும் விடுகிற மெல்லிய எஃகுக் கரம் அது. இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் ஒரு முறை போய்த் திரும்புவதற்குள் ஒரே ஒரு தடவைதான் அதற்குத் தள்ளு கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் அது யாருடைய தொந்தரவும் இல்லாமல் ஆடும். உரசல் மிகக் குறைவு என்பதால் அந்த இடத்துக்கு எண்ணெயும் தேவையில்லை. அந்தக் காலத்து எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும். எண்ணெய் கெட்டால் ரேட்டும் மாறும். அதனால் எண்ணெய் வேண்டாத அமைப்பு பெரிய வரமாக இருந்தது.

லண்டனில் ஜான் ஹாரிசன் என்ற கடிகாரக் கலைஞர் 1759-இல் முடித்த எச்4 கடிகாரம்தான் கடலுக்கான சிறிய கடிகாரங்களுக்குப் பாதையைத் திறந்தது. பாக்கெட் வாட்ச் வடிவம்தான். ஆனால் 13 செ.மீ. அகலமும் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ எடையும். அதை உண்மையிலேயே சட்டைப் பைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜான் அர்னால்டு. அவருடைய 36-ஆம் எண் கடிகாரத்தை 1779-80இல் கிரீன்விச் வான்நோக்குக் கூடத்தில் 13 மாதம் சோதித்தார்கள். குரோனோமீட்டர் என்ற சொல் இன்றைய பொருளில் புழக்கத்துக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். பிறகு தாமஸ் எர்ன்ஷா ஸ்பிரிங் டிடென்டை எளிமையாக்கினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவர் தரப்புக்கும் ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. அந்தச் சண்டையை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை.

இதற்கு அடுத்த வகை 'டெக் வாட்ச்'. கப்பலின் பெரிய பெட்டிக் குரோனோமீட்டரை இடத்தை விட்டு நகர்த்தவே மாட்டார்கள். அதைப் பார்த்து இந்தச் சின்னக் கடிகாரத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போய் சூரியனை அளப்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை லீவர் மிஷின்கள். தரத்தில் குறைந்தவை அல்ல. இன்றைய சுவிஸ் கைக்கடிகாரங்களில் 'குரோனோமீட்டர்' என்று வருவது முற்றிலும் வேறு. அது நாளுக்கு மைனஸ் 4 முதல் பிளஸ் 6 நொடிக்குள் ஓடுகிறது என்ற சோதனைச் சான்று.

வாங்கும் முன் காதால் கேளுங்கள்

லீவர் கடிகாரம் 'டிக்-டிக்-டிக்' என்று இரு பக்கமும் சமமாகத் தட்டும். டிடென்ட் அப்படியல்ல: ஒரு தட்டு உரக்க, அடுத்தது கேட்டும் கேட்காமலும். நொடி முள்ளைப் பாருங்கள். டிடென்டில் அது ஓடாது, தாவும். பெட்டிக் குரோனோமீட்டர்களில் சரியாக அரை நொடிக்கு ஒரு தாவல். பாக்கெட் வகையில் சிலது அப்படி, சிலது நொடிக்கு இரண்டரை தாவல். கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒற்றைத் தட்டை இரண்டு நிமிடம் கேட்டுப் பழகிவிட்டால், பிறகு மூடியைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

லண்டன் போகிறவர்கள் சயின்ஸ் மியூசியத்துக்குள் இருக்கும் கடிகாரத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் தவற விடாதீர்கள். அங்கே அர்னால்டு செய்த ஒரு பாக்கெட் குரோனோமீட்டர் இருக்கிறது. அதன் கதையே நான் மேலே சொன்ன ரேட் பாடம்தான். கிரீன்விச்சில் வேலை பார்த்த ஜான் ஹென்றி பெல்வில் 1836 முதல் அந்தக் கடிகாரத்தில் நேரத்தை எடுத்துக்கொண்டு போய் லண்டன் கடிகாரக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். தங்கக் கூடு திருட்டுக்கு இடம் கொடுக்கும் என்று வெள்ளிக் கூடாக மாற்றிக்கொண்டார். 1856-இல் அவர் இறந்ததும் மனைவி மரியா, அவருக்குப் பின் மகள் ரூத் என்று கிட்டத்தட்ட 1940 வரை அந்தத் தொழில் தொடர்ந்தது. ரூத் வாராவாரம் கிரீன்விச் போவார், கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று சீட்டு வாங்குவார், அதோடு ஊர் சுற்றி நேரத்தை விற்பார். கடிகாரத்துக்கு அவர் வைத்த பெயர் 'அர்னால்டு'. வீட்டு ஆளைக் கூப்பிடுவதுபோல.

முதல் கடிகாரமாக டிடென்ட் வேண்டாம்

இதில் என் அபிப்பிராயம் உறுதியானது. முதலில் இரண்டாம் உலகப்போர்க் கால டெக் வாட்ச் அல்லது விமானத்தில் வழி கணிக்கப் பயன்பட்ட கடிகாரம் ஒன்றை வாங்குங்கள். அமெரிக்க ஹாமில்டன் 4992பி நல்ல தொடக்கம்: உரசலைக் குறைக்கும் 22 கல், 24 மணி நேர டயல், நடுவிலிருந்து ஓடும் நொடி முள். முள்ளை நிறுத்தி வைத்து, நேரம் வந்ததும் சரியான நொடியில் ஓட விடலாம். பல டயல்களில் 'ஜி.சி.டி.' என்று இருக்கும். கிரீன்விச் சிவில் டைம். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஹாமில்டன் 22. மரப்பெட்டியில் வரும் பெரிய கடிகாரம். சாவி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் தனி முள்ளும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படைக் கடிகாரங்களில் அகன்ற அம்புக்குறியும் 'எச்.எஸ்.' எழுத்துகளும் இருக்கும். அது நீர்வரைவியல் துறைச் சொத்து என்பதற்கான அடையாளம். முள்ளில் பச்சை அல்லது பழுப்பான ஒளிப்பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். அப்படிப்பட்ட கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றவே கூடாது, பூச்சைச் சுரண்டவும் கூடாது.

இவற்றோடு ஓராண்டு பழகிவிட்டு டிடென்டுக்கு வாருங்கள்.

டிடென்ட் வாங்கும்போது லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டியவை

பத்து மடங்கு லென்ஸ் போதும். முதலில் கூட்டிலும் மிஷினிலும் உள்ள எண்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தங்கம் விலை ஏறிய காலங்களில் கூட்டை உருக்கிவிட்டு மிஷினை வேறு கூட்டில் போட்டவர்கள் நிறைய. பிரிட்டிஷ் கூடாக இருந்தால் சிங்க முத்திரை ஸ்டெர்லிங் வெள்ளியைக் குறிக்கும். பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்தைப் பட்டியலில் தேடினால் ஆண்டு கிடைக்கும். அந்த ஆண்டும் மிஷினின் காலமும் ஒத்துப்போக வேண்டும். பாரிஸ் கடிகாரக் கலைஞர் பிரெகே போன்ற பெரிய பெயர்களை அந்தக் காலத்திலேயே போலியாகப் பொறித்தார்கள். பெயரை நம்புவதைவிட வேலைப்பாட்டை நம்புங்கள்.

பிறகு பேலன்ஸ் சக்கரம். அதன் விளிம்பு வெளியே பித்தளை, உள்ளே எஃகு என்று இரண்டு உலோகம் சேர்த்துச் செய்யப்பட்டு, இரண்டு இடத்தில் வெட்டப்பட்டிருக்கும். வெயிலில் பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங் தளர்ந்து கடிகாரம் மந்தமாகும். ஈடு செய்யாமல் விட்டால் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் நாளுக்குச் சுமார் 11 நொடி போய்விடும். சூட்டில் பித்தளை அதிகம் நீள்வதால் வெட்டிய கைகள் உள்நோக்கி வளைந்து, மந்தத்தைச் சரிக்கட்டும். அந்தக் கைகள் வட்டமாக இல்லாமல் கோணியிருந்தால் யாரோ தொடக் கூடாததைத் தொட்டிருக்கிறார்கள். விளிம்பில் உள்ள குட்டித் திருகாணிகளின் தலையில் கீறல் இருந்தாலும் அதே அர்த்தம்.

மேலே ஹேர்ஸ்பிரிங்கைப் பாருங்கள். நல்ல பாக்கெட் குரோனோமீட்டரில் அது பெரும்பாலும் தட்டைச் சுருளாக இல்லாமல், பேனா ஸ்பிரிங் போல உருளையாக எழுந்து நிற்கும். நீலமாகப் பதம் வைத்த எஃகு. அந்த நீலத்தின் மேல் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தால் துரு. அந்த ஒரு புள்ளிக்காக நான் ஒருமுறை நல்ல கடிகாரம் ஒன்றை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், இன்றும் அதில் வருத்தமில்லை. கடைசியாக, டிடென்ட் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை பிற்காலத்தில் லீவராக மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள். அப்படி மாற்றியவை ஏராளம். அடித்தட்டில் காலியான திருகுத் துளைகள் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

1884-க்குப் பிறகான கடிகாரமாக இருந்து, கூடவே லண்டன் பக்கத்தில் கடிகாரங்களைச் சோதித்த கியூ வான்நோக்குக் கூடத்தின் சான்றிதழும் வந்தால் அதிர்ஷ்டம். அங்கே முதல் வகுப்புச் சோதனை 45 நாள் நடந்தது. ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் ஓடவிட்டு நூற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். சான்றிதழில் உள்ள எண்ணும் மிஷின் எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவி கொடுப்பது

தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 1831-இல் டார்வினையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பீகிள் கப்பலில் 22 குரோனோமீட்டர்கள் இருந்தன. மரத்தூளில் பதித்து வைத்திருந்தார்கள். அவற்றைக் கவனிப்பதற்கென்றே கேப்டன் ஃபிட்ஸ்ராய் தன் சொந்தச் செலவில் ஓர் ஆளை அழைத்துப் போனார். காலை 9 மணிக்குச் சாவி, நண்பகலில் ஒன்றோடொன்று ஒப்பீடு. இதற்கு எதிர் உதாரணம், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன மெரிவெதர் லூயிஸ். 1803-இல் ஃபிலடெல்ஃபியாவில் 250 டாலர் 75 சென்ட் கொடுத்து ஒரு குரோனோமீட்டர் வாங்கினார். அது நாளுக்கு 15.5 நொடி பிந்தும் என்று அளந்தும் வைத்துக்கொண்டார். ஆனால் பயணத்தில் கடிகாரம் சில தடவை நின்றுபோனது. நின்ற கணத்திலேயே கிரீன்விச் மணியோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். பிறகு நிலாவையும் நட்சத்திரங்களையும் வைத்து நீண்ட கணக்குப் போட்டுத்தான் மீட்க வேண்டும்.

சாவி போடும் பழைய கடிகாரமாக இருந்தால், துளைக்குச் சரியாகப் பொருந்தும் சாவியை மட்டும் பயன்படுத்துங்கள். எந்தப் பக்கம் திருகுவது என்பது கடிகாரத்துக்குக் கடிகாரம் மாறும். சங்கிலி சுற்றும் கூம்பு உள்ள ஆங்கிலேயக் கடிகாரங்கள் பல இடப்பக்கமாகத் திருகும். மெல்லத் தொட்டுப் பாருங்கள், எதிர்த்தால் நிறுத்துங்கள். உள்ளே இருப்பது சைக்கிள் செயின் போலவே கோத்த, ஆனால் தையல் நூல் அளவான சங்கிலி. இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஊரில் பெண்களும் சிறுமிகளும் கண் நோக நோக அதைக் கோத்தார்கள். அறுந்தால் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். முள்ளை எப்போதும் முன்னோக்கியே நகர்த்துங்கள்.

டிடென்ட் கடிகாரம் சாவி கொடுத்ததும் தானாக ஓடாது. தட்டையாகப் பிடித்து, மணிக்கட்டால் ஒரு சிறு சுழற்சி கொடுத்தால் ஓடத் தொடங்கும். இதன் மறுபக்கமும் உண்மை: ஓடிக்கொண்டிருக்கும்போது அதே திருப்பம் தவறாக விழுந்தால் நின்றுவிடும். இதனால்தான் இதைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறக் கூடாது என்கிறேன். பெட்டியில், டயல் மேல்நோக்கி, அசையாத மேசையில் வையுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஒரே கேள்வி: "டிடென்ட் வேலை பார்த்திருக்கிறீர்களா?" மெயின் ஸ்பிரிங்கின் சாவியை முழுதாக இறக்காமல் பேலன்ஸைக் கழற்றிவிட்டு, தெரியாமல் டிடென்டைத் தொட்டுவிட்டால் சக்கரம் கட்டவிழ்ந்து ஓடி, பற்கள் உடையும். தயங்காமல் "ஆமாம்" என்று சொல்லி, சாவி இறக்குவதிலிருந்து விளக்கத் தொடங்குகிறவரிடம் கொடுங்கள். இன்னொன்று: இந்தியாவில் இருப்பவர்கள் 100 ஆண்டு தாண்டிய கடிகாரத்தை வெளிநாட்டுக்கு சர்வீஸ் அனுப்பும் முன் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தைப் பற்றித் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள். தொல்பொருள் என்று கருதப்பட்டால் தனிநபர் ஏற்றுமதிக்கு அனுமதி இல்லை.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. மூடும் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மழைக்காலத்தில் பின்மூடியைத் திறந்து நண்பர்களுக்குக் காட்டும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள்.

ரேட் எடுப்பது

இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். தினமும் சாவி கொடுக்கும் முன், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடோ ஜிபிஎஸ் நேரத்தோடோ ஒப்பிட்டு, எவ்வளவு முந்தி அல்லது பிந்தி இருக்கிறது என்று எழுதுங்கள். கண்ணால் பார்த்தால் அரை நொடி ஏமாற்றும். நொடி காட்டும் போன் திரையையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நல்லது. அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் குறியுங்கள்.

திங்கள் 34 நொடி முந்தல், செவ்வாய் 46, புதன் 57.5, வியாழன் 69.5 என்று வைத்துக்கொள்வோம். ரேட் 12, 11.5, 12. அருமையான கடிகாரம். இதை அட்ஜஸ்ட் பண்ணிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கை துறுதுறுக்கும். தொடாதீர்கள், முள்ளைக்கூடத் திருத்தாதீர்கள். வெள்ளிக்கிழமை 81.5 முந்தும் என்று நீங்களே எழுதி வைத்துவிட்டு, மறுநாள் பாருங்கள். அது பொருந்தும்போது வரும் மகிழ்ச்சியை நான் சொல்லிப் புரியவைக்க முடியாது. பத்து நாள் டயல் மேலாக, பத்து நாள் நிமிர்த்தி என்று நிலை மாற்றி எடுங்கள். மே மாதக் கணக்கையும் டிசம்பர் கணக்கையும் ஒப்பிடுங்கள். பேலன்ஸ் சக்கரத்தின் அந்த இரண்டு உலோகங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்று தெரியும்.

கடைசியில், மொட்டைமாடியில் உங்கள் தீர்க்கரேகை

கடிகாரத்தை அது பிறந்த வேலைக்கு ஒருமுறையாவது பயன்படுத்திப் பாருங்கள். சூரியன் ஆண்டு முழுக்கக் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடத்துக்கு மேல் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 இந்த நான்கு நாள்களை ஒட்டி வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். சென்னை போன்ற ஊருக்கு டிசம்பர் 25 வசதி. நிழல் நீளமாக விழும்.

சமமான தரையில் ஒரு மீட்டர் கம்பியை நூல்குண்டு பிடித்து நேராக நிறுத்துங்கள். நுனியில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டினால், மங்கலான நிழலுக்குப் பதில் ஒளிப்புள்ளி விழும். துளைக்கு நேர் கீழே தரையில் குறி வைத்து அதை மையமாகக் கொள்ளுங்கள். காலை பத்தரை வாக்கில் ஒளிப்புள்ளியைக் குறித்து, அதன் வழியாக ஒரு வட்டம் போடுங்கள். பிற்பகலில் அந்தப் புள்ளி மறுபடி வட்டத்தைத் தொடும்போது மணியைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுநேரம்தான் உங்கள் ஊரின் நண்பகல்.

கடிகாரம் கிரீன்விச் மணியில் ஓடுகிறது, ரேட் திருத்தம் செய்த பிறகு காலை 5 மணி 2 நிமிடமும் 8 மணி 16 நிமிடமும் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். நடுநேரம் 6 மணி 39 நிமிடம். உங்களுக்கு 12 மணி; வித்தியாசம் 5 மணி 21 நிமிடம். 15-ஆல் பெருக்கினால் 80.25 பாகை கிழக்கு. ஒரு நிமிடம் தவறியிருந்தால் சென்னையில் 27 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். முதல் தடவை அந்த அளவுக்குள் வந்தாலே நல்ல வேலை.

நாடு முழுமைக்கும் ஒரே இந்திய நேரம் வரும்வரை இந்நாட்டு ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. நுங்கம்பாக்கத்து வான்நோக்குக் கூடம் கொடுத்த அந்த நேரம் கிரீன்விச்சைவிடச் சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். உங்கள் நோட்டில் அந்த எண் வந்திருந்தால் அதன் அடியில் தேதியைப் போட்டுவிட்டு, ஏப்ரல் 15-இல் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.